கரையோரத்து உளை

மன்னார்குடி சாலையில் ஒரு டீக்கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். வண்டல் ஏற்றிய டிப்பர் ஒன்று வேகத்தடையில் ஏறி இறங்கியபோது, பின்கதவு இடுக்கிலிருந்து கறுப்பு மண் ஒரு கட்டி சாலையில் விழுந்து உடைந்தது. ஏரியின் அடிமண்ணுக்கென்று ஒரு நாற்றம் உண்டு. அழுகிய முட்டையும் மக்கிய கோரைக்கிழங்கும் கலந்த நாற்றம். காற்றே படாமல் தண்ணீருக்கடியில் கிடந்த மண்ணில்தான் அது வரும். அதோடு டீசல் புகையும் சேர்ந்துவிட்டால் எனக்கு அதற்குமேல் நடப்பு ஞாபகம் இருக்காது. டீ ஆறியது. நான் முப்பது வருஷத்துக்கு முந்திய ஒரு கோடைக்குப் போய்விட்டேன்.

திருச்சியில் ஒரு பட்டறையில் ஸ்பேனர் துடைத்துக் கொடுக்கும் பையனாகத் தொழிலுக்கு வந்தவன் நான். பிறகு டெல்டாவில் மண்வேலை எடுத்துச் செய்யும் ஒரு கான்ட்ராக்டரிடம் மெக்கானிக்காகச் சேர்ந்தேன். அப்போது பொக்லைன் என்றால் ஊரே கூடி வேடிக்கை பார்க்கும். டிரெய்லரிலிருந்து அது இறங்குவதைப் பார்க்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மதிலேறி உட்கார்ந்திருப்பார்கள். எங்களிடம் எல் அண்ட் டி தயாரித்த பழைய பொக்லைன் ஒன்றும், டெல்கோ ஜப்பானிய ஹிட்டாச்சியோடு சேர்ந்து தயாரித்த எக்ஸ் 200 ஒன்றும் இருந்தன. ஊர்க்காரர்களுக்கு இரண்டுமே பொக்லைன்தான்.

டெல்டாவில் இந்த வேலைக்குப் பருவம் குறுகியது. மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். தண்ணீர் கல்லணையைத் தாண்டி வெண்ணாறு, வெட்டாறு என்று பிரிந்து வருவதற்குள் ஆறு, வாய்க்கால், ஏரி எல்லாவற்றிலும் கை வைத்த வேலையை முடித்தாக வேண்டும். ஏப்ரலில் இறங்கினால் மே முழுக்க ராத்திரி பகல் பார்க்க முடியாது. நடுவில் ஒரு கோடை மழை அடித்துவிட்டால் கான்ட்ராக்டர் முகத்தைப் பார்க்கவே பயமாக இருக்கும்.

அந்த வருஷம் வடுவூருக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு ஊரின் ஏரியில் வேலை. பெரிய ஏரி என்று சொல்ல முடியாது. உள்வாயில் நாட்டுக் கருவேலம், வாய்க்கால் வாயில் மணல்திட்டு, தென்கரையில் இரண்டு மடை. தண்ணீர் வற்றித் தரை வெடித்துக் கிடந்தது. மாடுகள் தாராளமாக மேய்ந்தன. கரையோரம் மட்டும் பொருக்கு தட்டி, சாம்பல் பூத்த மாதிரி வெளுத்து, பார்வைக்கு மற்ற இடத்தைவிடக் காய்ந்து தெரிந்தது.

முதல் நாளே ஒரு பெரியவர் வந்தார். நீர்க்கட்டி. மடை திறந்து, ஒவ்வொரு வயலுக்கும் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுகிற பொறுப்பு அவருடையது. அவர் அப்பாவுக்கும் அதே பொறுப்பு இருந்திருக்கிறது. இடுப்பில் துண்டு, கையில் மண்வெட்டி. கேபினைப் பார்த்துப் பேசவில்லை. நான் கீழே கிரீஸ் அடித்துக்கொண்டிருந்ததால் என்னிடம்தான் சொன்னார்.

"தம்பி, வடக்க எங்க வேணாலும் ஓட்டுங்க. கரையோரம் மடைக்கு முன்னாடி மட்டும் போவாதீங்க. அங்க உளை."

"மாடு போவுதுங்களே ஐயா?"

"மாடு போவும். இது போவாது."

ஆபரேட்டர் அண்ணனிடம் சொன்னேன். அவர் தலையாட்டினார். ஐந்தாறு நாள் அந்தப் பக்கம் போகவும் இல்லை. அப்புறம் ஒரு ராத்திரி மழை. காலையில் கான்ட்ராக்டர் வந்து, இரண்டாவது மடையின் முன்பகுதியை அன்றைக்கே முடிக்க வேண்டும், சுற்றிப் போனால் நேரமாகும், கரையை ஒட்டியே நேராகப் போ என்றார். சம்பளம் கொடுக்கிறவர் எதிரில் நின்று சொல்லும்போது ஆபரேட்டர் என்ன செய்வார்? எக்ஸ் 200-ஐக் கிளப்பினார்.

மாடு போகிற இடத்தில் பொக்லைன் ஏன் போகாது என்பதை நான் பிற்பாடுதான் முழுசாகப் புரிந்துகொண்டேன். எக்ஸ் 200-ன் எடை சுமார் 20 டன். ஆனால் அதன் செயின் ஒவ்வொன்றும் இரண்டடி அகலம், பத்தடிக்கு மேல் நீளம் தரையில் படியும். அதனால் மண்மீது வரும் அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு அரை கிலோவுக்குள்தான். நடக்கிற மாட்டின் குளம்பு அதைப்போல மூன்று நான்கு மடங்கு அழுத்தும். கணக்குப்படி மாடுதான் புதைய வேண்டும். ஆனால் குளம்பு சின்னது. அதன் பாரம் ஓரடி ஆழம் போவதற்குள் மண்ணில் கரைந்துவிடும், மேல்பொருக்கே தாங்கிக்கொள்ளும். அகலமான செயினின் பாரம் நாலடி ஐந்தடி ஆழம்வரை இறங்கும். பொருக்குக்குக் கீழே என்ன இருக்கிறதோ அதைத்தான் அது தேடிப் போகிறது. ஏரிக்குள் வரும் வெள்ளம் மணலை வாய்க்கால் வாயிலேயே போட்டுவிடும். மெல்லிய களி மட்டும் மிதந்து போய், தண்ணீர் கடைசியாக நிற்கிற கரையோரத்தில் படியும். தலைமுறை தலைமுறையாகப் படிந்த களி அது. பெரியவர் 'உளை' என்று சொன்னதற்குள் இந்த விஷயம் அத்தனையும் இருந்தது.

முதலில் இடது செயின் இறங்கியது. சத்தமே இல்லை. பொருக்கு தட்டு தட்டாகப் பிளந்து, இடுக்குகளிலிருந்து கறுப்பாகக் குழம்பு எழும்பியது. அண்ணன் பின்னால் எடுக்கப் பார்த்தார். செயின் சுற்றியது, வண்டி நகரவில்லை. செயின் தகடுகளுக்கு நடுவில் களி அப்பி, தகடு வழவழவென்று உருளையாகிவிட்டால் அது பிடிக்காது, தோண்டத்தான் செய்யும். ஒவ்வொரு சுற்றும் ஒரு கை ஆழம். வலது செயினும் இறங்கி, அடிவயிறு சேற்றில் உட்கார்ந்தது. நான் கரையிலிருந்து கத்தினேன். அவர் எஞ்சினை நிறுத்தியபோது செயின் இரண்டும் கண்ணுக்குத் தெரியவில்லை. கேபின் கதவைத் திறந்தால் சேற்றைக் கையால் தொடலாம். அதில் தவளை ஒன்று உட்கார்ந்திருந்தது.

கான்ட்ராக்டர் உடனே பழைய பொக்லைனை வரவழைத்தார். கம்பி வடம் போட்டுக் கரைமேலிருந்து இழுத்தோம். வடம் விறைத்தது, மேலே நின்ற வண்டிதான் கரையை அரைத்துக்கொண்டு சேற்றை நோக்கி வந்தது. ஊர்க்காரர்கள் ஓடி வந்தார்கள். "கரை ஒடைஞ்சா ஐப்பசியில எங்க ஊரு மெதக்கும்" என்று ஒருவர் வடத்தின் மேலேயே நின்றுவிட்டார். நியாயமான கோபம். கரையின் மேல்விளிம்பு இரண்டு முழம் சரிந்திருந்தது. மறுநாள் வேறொரு வேலையிலிருந்து பி.இ.எம்.எல். டோசர் ஒன்று வந்தது. அதை ஏரிக்குள் கெட்டித் தரையில் நிறுத்தி வெடுக்கென்று இழுக்கச் சொன்னார்கள். வடம் அறுந்தது.

வடம் அறுவதைப் பார்த்தவர்களுக்கு அதன் சத்தம் மறக்காது. வெடி மாதிரி இல்லை, காற்றைக் கிழிக்கிற சத்தம். அறுந்த முனை சுழன்று வந்து, நான் நின்ற இடத்துக்கு நாலடி தள்ளி ஒரு கருவேல மரத்தின் கிளையைச் சீவிக்கொண்டு போனது. தொடை பருமனுள்ள கிளை. அதற்கப்புறம் எந்த வேலையிலும் வடம் போட்டால், நடுவில் ஈரச்சாக்கு இரண்டைக் கனமாகத் தொங்கவிடாமல் இழுக்க விட்டதில்லை. அறுந்தாலும் சாக்கின் பாரம் அதைக் கீழே தள்ளும். ஆட்கள் வடத்தின் நீளத்துக்கு அப்பால் நிற்க வேண்டும். இப்போது என்னிடம் தொழில் கேட்கிற பையன்களுக்கும் முதல் பாடம் அதுதான்.

வெடுக்கென்று இழுத்தது ஏன் தவறு என்பதற்கும் கணக்கு இருக்கிறது. ராணுவத்தில் சேற்றில் சிக்கிய டாங்கிகளை மீட்பதற்கு ஒரு வாய்ப்பாடு வைத்திருக்கிறார்கள். சக்கரம் மறைகிற அளவு புதைந்தால் வண்டியின் எடையளவு இழுவை வேண்டும். சக்கரத்துக்கு மேலுள்ள மட்கார்டு வரை போனால் எடையைப் போல இரண்டு மடங்கு, மேற்கூண்டு வரை போனால் மூன்று மடங்கு. எங்கள் வண்டிக்கு எப்படிப் பார்த்தாலும் 40 டன் வேண்டும். 20 மில்லி கம்பி வடம் புதிதாக இருந்தாலே ஏறத்தாழ 25 டன்னில் அறுந்துவிடும். எங்களுடையது புதிதும் இல்லை.

அன்று சாயங்காலம் எல்லோரும் சோர்ந்து கரையில் உட்கார்ந்திருந்தோம். நடவாளாக இருந்து வயதான ஒரு ஆயா, ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்தவர், நின்று பார்த்தார். அவர் சொன்னதை இன்றைக்கும் அப்படியே சொல்வேன்.

"சேத்துல கால நேரா இழுத்தா வருமா? குதிகால மொதல்ல சாச்சு, காத்த உள்ள வுடணும். அப்பறம் தானா வரும்."

என்னுடன் இருந்த ஹெல்பர்கள் சிரித்தார்கள். ஆபரேட்டர் அண்ணன் சிரிக்கவில்லை. எழுந்து போய் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். களிக்குள் இறங்கிய பொருளை மேலே தூக்கும்போது அதன் அடியில் வெற்றிடம் உண்டாகிறது. அந்த இடத்துக்குத் தண்ணீரோ காற்றோ போய்ச் சேர்ந்தால்தான் பிடி விடும். மணலில் அது நொடியில் போய்விடும். களியில் துளைகள் அவ்வளவு நுண்மையானவை, போய்ச்சேர நேரமாகும். வேகமாக இழுத்தால் பிடி இறுகும். ஒரு பக்கத்தைச் சாய்த்து, வழி கொடுத்து, நிதானமாகத் தூக்கினால் இளகும். நாள் முழுக்க நடவு வயலில் நின்ற காலுக்கு இது தெரிந்திருக்கிறது.

மறுநாள் காலை நீர்க்கட்டிப் பெரியவர் இன்னொருவரையும் அழைத்துக்கொண்டு வந்தார். அவர் திருவாரூர் ஆழித்தேருக்கு முட்டுக்கட்டை போட்ட ஆள். அந்தத் தேர் அலங்காரத்தோடு 96 அடி உயரம், எடை சுமார் 300 டன் என்பார்கள். அதைப் பின்னாலிருந்து தள்ள இப்போது புல்டோசர் வைத்திருக்கிறார்கள். அவரோ புல்டோசர் வராத காலத்து நெம்புகட்டைகளையும் ஊர்த்தேர்களில் பார்த்தவர். மழை பெய்து வீதி இளகிய வருஷங்களில் ஊர்த்தேர் அச்சுவரை இறங்கி நின்றதையும் கிளப்பியிருக்கிறார்.

"வடத்துல ஆயிரம் பேரு நின்னாலும், பின்னாடி நெம்பு போடாம சக்கரம் மொத உருட்டு உருளாது தம்பி. கட்டை எத்தனை வச்சிருக்கீங்க?" என்றார்.

எங்களிடம் ஒரு கட்டைகூட இல்லை. ஊரில் கேட்டோம். அந்தக் காலத்தில் அப்படிக் கேட்க முடிந்தது. நாலு வீட்டுக் கொல்லையில் வெட்டிப் போட்டிருந்த பனங்கட்டை, வீடு கட்ட வைத்திருந்த உத்திரம், தென்னந்துண்டுகள் என்று மாட்டுவண்டியில் வந்து இறங்கின. பனையின் வைரம் நசுங்காது, தண்ணீர் குடிக்காது. தென்னை வெளியே கெட்டி, உள்ளே சோறு. பாரம் ஏறினால் பிளக்கும். முதல் வரிசைக்குத் தென்னை, பாரம் தாங்குகிற மேல் வரிசைக்குப் பனை என்று தேர்க்காரர் பிரித்து அடுக்கச் சொன்னார்.

எந்தப் பக்கம் எடுப்பது என்று அடுத்த கேள்வி. கரை பக்கம் கூடாது. வந்த தடமே குழம்பு. நீர்க்கட்டி கடப்பாரையை எடுத்துக்கொண்டு வேட்டியை மடித்துக் கட்டி வடகிழக்கே நடந்தார். பத்தடிக்கு ஒரு தரம் குத்தினார். கடப்பாரை முழுசாக இறங்கியது. மறுபடி இறங்கியது. அறுபது எழுபது அடி போனதும் 'ணங்' என்று ஒன்றரை அடியில் நின்றது. இரண்டு பக்கமும் குத்திக் காட்டினார். பத்தடி அகலத்துக்கு அதே கெட்டி, அதிலிருந்து அரைச்சாண் விலகினால் கடப்பாரை காணாமல் போனது.

"வண்டிப்பாதை" என்றார். "எங்க தாத்தா காலத்துலேருந்து வண்டல் அடிக்க மாட்டுவண்டி எறங்குன பாதை. வண்டி பொதையக் கூடாதுன்னு வருஷா வருஷம் செங்கல் முட்டும் கப்பியும் கொட்டுவோம். இப்ப மேல வண்டல் மூடிப்போச்சு."

கோடையில் ஒவ்வொரு வீட்டுக்காரரும் வண்டி கட்டிப் போய், ஏரி வண்டலை அள்ளி வந்து வயலில் கொட்டுவது அந்த ஊர்களில் நெடுங்கால வழக்கம். வயலுக்கு எரு, ஏரிக்குத் தூர்வாரல். உரமூட்டை வந்ததும், உழவு மாடு குறைந்ததும் அது மெல்ல நின்றது. பாதை மட்டும் கண்ணுக்குத் தெரியாமல் மண்ணுக்கடியில் கிடந்தது. அதை அறிந்த ஒரு மனிதர் எங்கள் பக்கத்தில் கடப்பாரையோடு நின்றார். அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட மரியாதை இன்றுவரை குறையவில்லை.

பிறகு நடந்தது முழுக்க வேலை. முதலில் தண்ணீரை வடிக்க வேண்டும். எங்கள் பழைய பொக்லைனைக் கெட்டி மண்ணில் நிறுத்தி, கை எட்டுகிற மட்டும் ஒரு வாய்க்கால் தோண்டி, ஐந்து குதிரைசக்தி டீசல் எஞ்சின் வைத்து இறைத்தோம். புதைந்த வண்டியைச் சுற்றி இடுப்பளவு சேற்றில் பதினைந்து பேர் கூடையும் மண்வெட்டியுமாக. செயின் ஓரமாக ஒரு அங்குலக் குழாயை நட்டு, பம்பிலிருந்து தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கு அனுப்பினோம். குழாய் அடியைத் தொட்டதும் செயின் பக்கத்தில் குமிழ் குமிழாக வெளியே வரும். வரும்போது முட்டை நாற்றம் தூக்கி அடிக்கும். அது வந்தால் நல்ல சேதி. காற்றும் நீரும் உள்ளே போய்விட்டன என்று பொருள்.

இருட்டும் நேரத்தில் அண்ணன் கேபினில் ஏறினார். எஞ்சினைக் கிளப்பி மெதுவாக மேல்பகுதியைப் பக்கவாட்டில் திருப்பினார். பக்கெட் வெறும் சேற்றில் ஊன்றினால் அதுவும் இறங்கும். அதனால் தேர்க்காரர் இரண்டு அடுக்குக் கட்டையைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு மேடை கட்டியிருந்தார். அண்ணன் பக்கெட்டின் முதுகை அதன்மேல் வைத்து, பூம் என்கிற பெரிய கையை அழுத்தினார். மேடை முனகிக்கொண்டு ஒரு சாண் இறங்கி நின்றது. அண்ணன் லிவரை அப்படியே பிடித்திருந்தார். அசைக்கவே இல்லை. கரையில் எவரும் பேசவில்லை. ஹைட்ராலிக் பம்பின் இரைச்சல் மட்டும். கொஞ்ச நேரத்துக்கெல்லாம் இடது செயின் பக்கத்திலிருந்து நீளமாக ஒரு உறிஞ்சல் சத்தம் வந்தது. சேறு பிடியை விட்டது. செயின் ஒரு முழம் மேலே வந்தது.

அந்த நேரத்தில்தான் ஆபத்து அதிகம். தூக்கி நிற்கும் செயினுக்கு அடியில் கட்டையைத் தள்ள வேண்டும், ஆள் அடியில் போகக் கூடாது. ஒரு ஓஸ் வெடித்தாலோ மேடை சரிந்தாலோ 20 டன் இறங்கிவிடும். நீளமான மூங்கிலால் தள்ளித்தள்ளித்தான் கட்டைகளை அடியில் அனுப்பினோம். அதற்குமுன் தூக்கிய செயினை அந்தரத்தில் சுற்றவிட்டு அப்பிய களியை உதறினார் அண்ணன். சேறு மழையாக எல்லோர் மேலும் விழுந்தது. இடது பக்கம் உட்கார்ந்ததும் வலது பக்கம். பெட்ரோமாக்ஸ் விளக்கில் பூச்சி மொய்த்தது. நள்ளிரவில் யார் வீட்டிலிருந்தோ அண்டா நிறையப் புளிச்சோறும், வாளியில் மோரும் வந்தன. கை கழுவ முடியாதவர்களுக்கு அந்த ஆயா உருண்டை பிடித்து வாயில் போட்டார்.

விடியற்காலையில் இழுவை. பழைய பொக்லைனை வண்டிப்பாதைமேல் நிறுத்தி, அதன் பக்கெட்டைத் தரையில் நட்டோம். தனி வடத்தால் நேராக இழுக்காமல், புதைந்த வண்டியில் ஒரு கப்பியை மாட்டி, வடத்தை அதில் சுற்றி வரவிட்டு, ஒரு முனையைப் புதைத்த பனங்கட்டையில் கட்டினோம். நாலடி ஆழத்தில் குறுக்காகப் புதைத்த கட்டை அது. அப்படிச் செய்தால் பாதி பலத்தில் முழு இழுவை கிடைக்கும். நீளம் மட்டும் இரட்டிப்பாக வேண்டும். வடத்தை வண்டியின் கொக்கியில் மாட்டவில்லை. அது லேசான பாரத்துக்கானது. கீழ்ச்சட்டத்தைச் சுற்றி வடத்தைப் போட்டு, சட்டத்தின் கூர்விளிம்பு அறுக்காமலிருக்க நடுவில் சாக்கும் மரத்துண்டும் வைத்தோம்.

பழைய பொக்லைன் வடத்தை விறைப்பாகப் பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான். எடுத்தது புதைந்த வண்டியின் சொந்தக் கைதான். அண்ணன் பூமை முன்னால் முழுசாக நீட்டி, பக்கெட்டைக் கட்டை மேடையில் கொக்கிபோல ஊன்றி, கையை மடக்கிக்கொண்டே செயினையும் ஓட்டினார். வண்டி தன்னைத்தானே இழுத்துக்கொண்டு ஆறடி நகர்ந்தது. நின்றது. பின்னால் மிதிபட்ட கட்டைகளைப் பிடுங்கி முன்னால் போட்டோம். மறுபடி ஆறடி. மறுபடி கட்டை. சூரியன் கருவேல மரத்துக்கு மேலே வந்தபோது செயினின் முன்முனை வண்டிப்பாதையில் ஏறியது. ஏறியதும் செயின் தகடு செங்கல் துண்டைக் கடித்த சத்தம் கேட்டது. நீர்க்கட்டிப் பெரியவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அண்ணன் இறங்கி வந்து, ஒன்றும் பேசாமல் அவர் காலைத் தொட்டார்.

மெக்கானிக்குக்கு வேலை அங்கேதான் ஆரம்பம். சேற்றில் நின்ற வண்டியைக் கழுவி அனுப்பினால் போதும் என்று முதலாளிகள் நினைப்பார்கள். களி காய்ந்தால் ரோலருக்கும் சீலுக்கும் நடுவில் கல்லாகிவிடும். கடைசி கியர்பெட்டியின் ஆயிலை இறக்கிப் பார்த்தேன். பால் கலந்தது போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. ஒரு பக்கம் புகுந்திருந்தது. ஆயில் மாற்றி, சீல் மாற்றி, மேல்பகுதி சுழலும் பேரிங்குக்குப் பழைய கிரீஸ் முழுக்க வெளியேறும்வரை புதுக் கிரீஸ் அடித்து, ரேடியேட்டர் இடுக்குகளை ஊதி, பின்புதான் பெல்ட்டைப் போட்டுக் கிளப்பவிட்டேன். கான்ட்ராக்டர் அவசரப்படுத்தினார், நான் அசையவில்லை. அந்த வண்டி அதற்குப் பிறகும் பல வருஷம் ஓடியது.

அதன்பிறகு முத்துப்பேட்டைப் பக்கத்து உப்புச் சேற்றிலும் கொள்ளிடத்து ஊற்றுமணலிலும் வண்டிகளை எடுத்திருக்கிறேன். மணல் களிக்கு நேர்மாறு. தண்ணீர் பாய்ச்சினால் இன்னும் இளகி உள்ளே வாங்கும், தண்ணீரைச் சுற்றிலும் வடித்தால்தான் இறுகும். கஜா புயலுக்கு அடுத்த கோடையில் கட்டைக்குப் பஞ்சமே இல்லை. 2018 நவம்பரில் அந்தக் காற்று சாய்த்த தென்னைகள் திருத்துறைப்பூண்டி, பட்டுக்கோட்டைப் பக்கமெல்லாம் தோப்பு தோப்பாகக் கிடந்தன. வேலைக்குக் கட்டை எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு விவசாயி சொன்னபோது, அவர் நட்டு வளர்த்த மரத்தின்மேல் வண்டியை ஏற்ற மனசு வரவில்லை. ஏற்றத்தான் வேண்டியிருந்தது.

இப்போது எத்தனையோ மாறிவிட்டது. வண்டி எங்கே நிற்கிறது, எவ்வளவு நேரம் ஓடியது என்று முதலாளியின் போனுக்கே தகவல் போகிறது. கரையில் நின்றுகொண்டே ஐம்பது அடிக்கு எட்டுகிற நீளக்கை பொக்லைன் வந்துவிட்டது. சென்னை மாநகராட்சி கால்வாய்களில் மிதந்துகொண்டே தோண்டும் ஆம்பிபியன் வண்டிகளை இறக்கியிருக்கிறது. பெரிய இரும்பு மிதவைகளைச் சுற்றி ஓடும் செயின் அவற்றைச் சேற்றிலும் தண்ணீரிலும் நடத்துகிறது. பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷம். மரக்கட்டைக்குப் பதில் இரும்புத் தட்டு. பழைய ரயில்வே ஸ்லீப்பர் கட்டை கிடைப்பதில்லை, கான்கிரீட்டுக்கு மாறிவிட்டார்கள். பனையை வெட்ட கலெக்டர் அனுமதி வேண்டும், அது நல்ல காரியம். வண்டி புதைந்தால் பெரிய கிரேனுக்குப் போன் போடுகிறார்கள். கிரேன் நிற்கவும் கெட்டித் தரை வேண்டும் என்பது கிரேன் வந்தபிறகுதான் நினைவுக்கு வருகிறது.

எனக்குக் கவலை ஒன்றில்தான். 2017-ல் குடிமராமத்து என்று மறுபடி தொடங்கி, விவசாயிகள் ஏரி வண்டலை இலவசமாக எடுத்துக்கொள்ள அனுமதித்தபோது நான் ரொம்ப எதிர்பார்த்தேன். வண்டல் போகிறது, ஏரி ஆழமாகிறது, வேண்டிய காரியம்தான். ஆனால் ஏரிக்குள் நடந்து பழகியவர்கள் குறைந்துவிட்டார்கள். எந்த மடைக்கு முன்னால் உளை, எங்கே பழைய கிணறு தூர்ந்து கிடக்கிறது, எந்தக் கோடையில் கரைக்கு மண் எடுத்த பள்ளம் எங்கே மூடியிருக்கிறது என்பதை எந்த வரைபடத்திலும் யாரும் குறிக்கவில்லை. வேலை உத்தரவில் கனமீட்டர் கணக்கு இருக்கிறது. ஊரில் இரண்டு பெரியவர்களைக் கூட்டி, ஒரு நாள் கடப்பாரையோடு ஏரியைச் சுற்றிவந்து சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டு வண்டியை இறக்கு என்று ஒரு வரி சேர்க்கச் செலவு என்ன? ஒரு நாள் கூலி. புதைந்த வண்டியை எடுக்க ஆகும் செலவில் அது தூசு. வடம் அறுந்து ஒரு பையனுக்கு ஏதாவது ஆனால் அதற்கு விலையே இல்லை. நான் பார்க்கிற பொறியாளர்கள், கான்ட்ராக்டர்கள் எல்லோரிடமும் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சிலர் செய்யவும் செய்கிறார்கள்.

போன மாதம் ராத்திரி பத்து மணிக்கு ஒரு போன். என்னிடம் ஹெல்பராக இருந்து இப்போது சொந்தமாக வண்டி வைத்திருக்கும் பையன். புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கண்மாயில் வண்டி இறங்கிவிட்டது.

"எஞ்சின ஆஃப் பண்ணிட்டியா?"

"பண்ணிட்டேன்ணே. செயின் முழுக்க உள்ள. பக்கெட் மட்டும் வெளியதான் இருக்கு."

"சரி, ராத்திரி ஒண்ணும் பண்ணாத. ஊருல வயசானவங்க யாரையாவது கேட்டியா?"

"எல்லாரும் திருப்பூர் போயிட்டாங்கண்ணே. கோயில் பக்கம் ஒரு பாட்டி மட்டும் இருக்காங்க."

"அவங்களயே கேளு. சின்ன வயசுல வண்டல் அள்ள எந்தப் பக்கமா எறங்குவாங்கன்னு கேளு."

அரை மணி கழித்து மறுபடி கூப்பிட்டான். பாட்டி கம்பு ஊன்றிக்கொண்டு கண்மாய்க்கரை வரை வந்து, டார்ச் வெளிச்சத்தில் இரண்டு புளியமரத்துக்கு நடுவே கைகாட்டியிருக்கிறார். தலைச்சுமையாக மண் எடுத்த வழி அதுதானாம். இவன் கடப்பாரை போட்டுப் பார்த்திருக்கிறான். இரண்டடியில் நின்றிருக்கிறது. குரலில் அவ்வளவு தெம்பு.

"வண்டியிலேருந்து எவ்வளவு தூரம்?"

"நாப்பது அடி இருக்கும்ணே."

"அப்ப பன்னண்டு அடி நீளத்துல முப்பது கட்டை வேணும். ஒரு பம்பு, ஒரு அங்குலக் குழாய் ரெண்டு, கப்பி ஒண்ணு. வடத்துல பிசிறு இருக்கான்னு வெளிச்சத்துல பாரு, இருந்தா தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கு. காலையில மொத பஸ்ஸுல நான் வந்துடறேன்."